போஸ் என்று கூப்பிட்டால்

கல்கத்தாவில் கூட்டமான தெருவொன்றில் நின்று ‘போஸ்’ என்று உரக்கக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். நாலைந்து பேர் திரும்பிப் பார்க்கலாம்; எந்த போஸை என்று தெரியாமல் அவரவர் வழியில் போய்விடுவார்கள். மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் கூப்பிட்டுப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவராவது ‘யாருப்பா அது?’ என்று கேட்டுக்கொண்டே வருவார். அங்கே குலம் முழுவதற்கும் பொதுவான வால், இங்கே ஓர் ஆளின் சொந்தப் பெயர். வாக்காளர் பட்டியலில் ‘போஸ், த/பெ முத்தையா’ என்று இருக்கும். அண்ணன் பாண்டி, தம்பி முருகன். அந்த வீட்டில் வேறு யாரும் போஸ் கிடையாது.

வங்காளிகளின் நாக்கில் இது ‘போஷு’. தமிழில் நாம் பாசு என்று எழுதுவதும் இதைத்தான். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய தலைமுறை அதை போஸ் ஆக்கியது. மேற்கு வங்கத்தை 1977 முதல் 2000 வரை ஆண்ட ஜோதிபாசுவும் நேதாஜியும் ஒரே குடும்பப்பெயர்க்காரர்கள் என்பது தமிழ்ப் பத்திரிகைகளை மட்டும் படித்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று தோன்றாது. ஜகதீஷ் சந்திர போஸ் 1917 நவம்பர் 30 அன்று, தம் 59ஆம் பிறந்த நாளில், கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். ஆங்கிலத்தில் அது போஸ் இன்ஸ்டிடியூட். வங்காளத்தில் பாசு விஞ்ஞான மந்திர். அதன் சுவருக்கு ஓவியம் தீட்ட வந்தவர் நந்தலால் போஸ். ஜகதீஷுக்குச் சொந்தக்காரர் அல்லர்.

சொந்தமில்லாமலே ஒரே பெயர் எப்படி? அது சாதிப்பெயர் என்பதால்தான். கோஷ், போஸ், மித்ரா மூன்றும் வங்காளக் காயஸ்தர்களுக்குள் குலீனர் என்ற உயர்படியைச் சேர்ந்தவை. ஆதிசூரன் என்ற அரசன் கன்னோசியிலிருந்து ஐந்து பிராமணர்களை வரவழைத்தான், அவர்களோடு வந்த ஐந்து காயஸ்தர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது குலக்கதை. வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. உயர்படி என்று சொல்லிக்கொள்ளும் எந்தச் சாதிக்குத்தான் இப்படி ஒரு வெளியூர்க் கதை இல்லை?

போஸ் என்ற பெயர்கொண்ட பெரியவர்களைப் பட்டியல் போட உட்கார்ந்தால் தாள் போதாது. இயற்பியல், புள்ளியியல், ஓவியம், கவிதை, துப்பாக்கி, தூக்குமேடை, ஒலிபெருக்கி என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு பெயருக்குள் இத்தனை பேரா என்ற வியப்பு முதலில் வருகிறது. எனக்கு அந்த வியப்பு அதிக நேரம் நிற்பதில்லை. நவாபுகளிடம் பாரசீகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த சாதி, ஆட்சி மாறியதும் ஆங்கிலத்துக்கு மாறியது. 1817இல் இந்துக் கல்லூரி திறந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் இந்த வீட்டுப் பையன்கள். 1855இல் அதுவே பிரசிடென்சி கல்லூரி ஆனது. நூறு வருடம் ஒரே வாசலில் முதலாவதாக நின்றால் யார் வீட்டிலிருந்தும் மேதைகள் வரத்தான் செய்வார்கள். மேதைமையைக் குறைத்துச் சொல்லவில்லை. எந்தப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

அப்படிப் பார்க்கத் தோதான ஒரு ஜோடி பிரசிடென்சியிலேயே கிடைக்கிறது. சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் ஒரே வகுப்பு. ஜகதீஷ் சந்திர போஸ் இருவருக்கும் ஆசிரியர். 1915 எம்.எஸ்சி. தேர்வில் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். போஸ் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர். சாகா டாக்கா மாவட்டத்துக் கிராமமொன்றில் சிறிய மளிகைக் கடை நடத்தியவரின் மகன். விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவரைத் தங்கள் பந்தியில் சேர்த்துக்கொள்ளவில்லை. சரஸ்வதி பூஜையன்று மேடையருகே வந்து பூப்போட்டதற்கும் ஆட்சேபம் கிளம்பியது. விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க உலகத்துக்கே சூத்திரம் கொடுக்கப்போகிறவருக்கு நடந்தது இது. புயல் மழையில் பிறந்ததால் பெற்றோர் வைத்த பெயர் மேகநாதன், அதாவது மேகங்களின் தலைவனான இந்திரன். அவர் அதை வங்காளத்தில் ஓரெழுத்து மாற்றி, இந்திரனை வென்ற இராவணன் மகனின் பெயராக்கிக்கொண்டார். குடும்பப்பெயரை மாற்றமுடியாதவர் சொந்தப் பெயரில் கைவைத்தார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெண்கள் விஷயத்தில் இந்தப் பெயர் இன்னும் விநோதமாக நடந்துகொண்டது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்கள் இருவர், 1883 பட்டமளிப்பு விழாவில். இருவருமே போஸ்கள்: சந்திரமுகி பாசு, காதம்பினி பாசு. சந்திரமுகி இன்றும் பாசு என்றே அறியப்படுகிறார். காதம்பினி மணம்புரிந்து காதம்பினி கங்கூலி ஆனார், மருத்துவரானார், இன்று பாடநூல்களில் கங்கூலியாகத்தான் தெரிகிறார். எதிர்த்திசையில் வந்தவர் அபலா தாஸ். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. வங்காள அரசின் உதவித்தொகையோடு 1882இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். உடல்நலம் ஒத்துழைக்கவில்லை, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1887இல் ஜகதீஷை மணந்து அபலா போஸ் ஆனார். பெண் கல்விக்காக அவர் நடத்திய சங்கமும் பள்ளிகளும் செடியின் வளர்ச்சியை அளக்கும் கணவரின் கிரெஸ்கோகிராப் கருவியைவிட அதிகம் பேரைத் தொட்டிருக்கும். வரலாறு அவரை இன்னும் ‘போஸின் மனைவி’ என்றே அறிமுகம் செய்கிறது.

சென்னை என்றதும் சொல்லிவிடுகிறேன். காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது இரண்டு முறை தலைமை தாங்க வந்தவர்கள் போஸ்கள். 1898இல் ஆனந்த மோகன் போஸ், கேம்பிரிட்ஜில் ராங்ளர் பட்டம் பெற்ற முதல் இந்தியர், ஜகதீஷின் சகோதரி கணவர். 1914இல் பூபேந்திரநாத் போஸ். இருவர் பெயரும் இங்கே யாருக்கும் நினைவில்லை. அவர்களைப் பார்த்து எந்தத் தமிழ்த் தகப்பனும் பிள்ளைக்கு போஸ் என்று பெயர் வைக்கவில்லை. மேடையில் நல்ல ஆங்கிலம் பேசுகிற தலைவரின் பெயரைத் தொட்டிலுக்குக் கொண்டுபோக நம் ஜனங்களுக்குத் தோன்றாது.

சத்யேந்திரநாத்துக்குத் திரும்புகிறேன். 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், வயது 30. பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் பழைய மின்காந்தக் கொள்கையின் துணையில்லாமல், ஒளித்துகள்களை எண்ணும் முறையை மட்டும் மாற்றி வருவித்தார். இரண்டு ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லமுடியாது, ஆகவே இடம் மாறி நின்றாலும் அதை வேறொரு நிலையாக எண்ணக்கூடாது என்பதுதான் கணக்கின் உயிர். லண்டன் சஞ்சிகை ஒன்று கட்டுரையை ஏற்கவில்லை. ஜூன் 4 அன்று நேராக ஐன்ஸ்டைனுக்கே அனுப்பிவைத்தார். முன்பின் பழக்கம் கிடையாது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளைச் சாகாவோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1920இல் வெளியிட்டவர் என்ற உரிமை மட்டும் இருந்தது. ஐன்ஸ்டைன் தம் கையாலேயே ஜெர்மனில் பெயர்த்து அச்சுக்குக் கொடுத்தார். இதழில் ஆசிரியர் பெயர் எப்படி வந்தது தெரியுமா? வெறும் ‘போஸ்’. பக்கத்தில் டாக்கா பல்கலைக்கழகம், இந்தியா. சத்யேந்திரநாத் இல்லை, முதலெழுத்துகூட இல்லை. துகள்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது என்று சொன்ன கட்டுரையில் எழுதியவருக்கும் தனிப்பெயர் இல்லாமல் போனது தற்செயல்தான். நல்ல தற்செயல்.

பிறகு அந்த வகைத் துகள்களுக்கெல்லாம் இயற்பியலாளர் டிராக் ‘போசான்’ என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் ஆள்பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். போசானைச் சிறிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள். உலகத்தில் உள்ள துகள்களின் இரு பெரும் வகைகளில் ஒன்று இந்தப் பெயரின் கீழ் வருகிறது, ஒளி உட்பட. 2012 ஜூலையில் ஹிக்ஸ் போசான் அகப்பட்டதாக அறிவித்தபோது, ஹிக்ஸுக்கு மரியாதை, போஸுக்கு இல்லையா என்று நம் பத்திரிகைகள் பொருமின. அவருக்கு நோபல் தரவில்லை என்ற புலம்பலும் ஆண்டுதோறும் கேட்கிறது. எனக்கு அதில் ஈடுபாடில்லை. எஸ்ராஜ் வாசித்துக்கொண்டும், 1948இல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தைத் தொடங்கி வங்காளத்தில் அறிவியல் இதழ் நடத்திக்கொண்டும் காலம் கழித்த மனிதரை, பரிசு கிடைக்காதவர் என்று மட்டும் நினைவு வைப்பது அவருக்குச் செய்கிற மரியாதையாகத் தெரியவில்லை.

இன்னொரு சத்யேந்திரநாத் போஸும் உண்டு. மேதினிபுரத்துக்காரர். அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய தோழனைக் கல்கத்தா சிறைக்குள்ளேயே சுட்டுக்கொன்றதற்காக 1908 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். இயற்பியல் சத்யேந்திரனுக்கு அப்போது 14 வயது, அதே நகரத்தில் பள்ளி மாணவன். தன் முழுப்பெயரோடு ஒருவர் தூக்கில் தொங்கிய செய்தி அந்தப் பையனின் காதில் விழாமலா இருந்திருக்கும்?

தூக்கில் போன சத்யேந்திரன் இயக்கத்துக்குள் கொண்டுவந்த பையன்தான் குதிராம் போஸ். 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் நீதிபதி கிங்ஸ்ஃபோர்டின் வண்டி என்று நினைத்து அவரும் தோழர் ஒருவரும் வேறொரு வண்டியில் குண்டு வீசினார்கள். இரண்டு ஆங்கிலப் பெண்கள் இறந்தார்கள். ஆகஸ்ட் 11 அன்று குதிராமைத் தூக்கிலிட்டபோது அவருக்கு 18 வயது. வங்காளத்தில் வேட்டிக்கரையில் அவர் பெயரை நெய்து விற்றார்கள். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. முன்பு பிறந்த ஆண் பிள்ளைகள் தங்காததால், தாய் இவரைப் பிறந்ததுமே மூத்த மகளிடம் ‘விற்றுவிட்டார்’. விலை மூன்று பிடி குத், அதாவது நொய்யரிசி. நொய்க்கு வாங்கிய பிள்ளை குதிராம். நம் ஊரில் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்றும், மூக்கைக் குத்தி மூக்கன் என்றும், பிச்சை என்றும் பெயர் வைத்தார்களே, அதே கணக்கு. எமன் மதிக்காத பெயராக இருக்கவேண்டும். போஸ் என்ற குலீன வாலுக்கு முன்னால் நொய்யரிசி நிற்பதைப் பார்க்கும்போது சாவுக்கு முன் குலப்பெருமை செல்லுபடியாகாது என்று தாய்க்குத் தெரிந்திருந்தது புரிகிறது.

இந்தப் பெயரை உதறிவிட்டு ஓடியவர்களில் ராஷ்பிகாரி போஸுக்கு நிகரில்லை. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் தலைமை எழுத்தர். 1912 டிசம்பரில் டெல்லியில் யானை மேல் வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்சின் மீது குண்டு வீசப்பட்டதன் பின்னால் இருந்தவர். 1915 மே மாதம், தலைக்கு விலை வைத்திருந்த நேரத்தில், ஜப்பானியக் கப்பலேறினார். பயணப் பெயர் பி.என். தாகூர். ரவீந்திரநாத் ஜப்பான் போகப்போகிறார் என்ற பேச்சு அப்போது அடிபட்டுக்கொண்டிருந்தது; அவருடைய சொந்தக்காரன், முன்கூட்டி ஏற்பாடுகளைக் கவனிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். நோபல் வாங்கிய குடும்பப்பெயரை எந்த போலீஸ் அதிகாரி நிறுத்தி விசாரிப்பான்? குடும்பப்பெயர் என்பது ஒரு பாஸ்போர்ட்தான் என்று அவர் அளவுக்குத் துணிந்து நிரூபித்தவர் வேறு யாரும் இல்லை.

டோக்கியோவில் மறுபடி போஸ் ஆனார். பிரிட்டிஷார் நெருக்கியதால் ஜப்பான் அரசு வெளியேற்ற உத்தரவு போட்டது. ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக்கடைக்காரர்கள், சோமா தம்பதி, தங்கள் வளாகத்தில் ஒளித்துவைத்தார்கள். அவர்களுடைய மகள் தோஷிகோவை 1918இல் மணந்தார். தோஷிகோ 1925இல் இறந்துபோனார். 1927இல் நகமுராயா உணவுக்கூடம் திறந்தபோது ராஷ்பிகாரியின் யோசனைப்படி இந்தியக் குழம்பும் சோறும் பரிமாறத் தொடங்கினார்கள். மாவு கரைத்த பிரிட்டிஷ் பாணிக் கறிக்குப் பழகியிருந்த ஜப்பானியருக்கு எலும்போடு கூடிய கோழித்துண்டும் மசாலா வாசனையும் புதிது. அது இன்றும் அங்கே விற்கிறது. ஜப்பானியர் அவரை ‘நகமுராயாவின் போஸ்’ என்பார்கள். குலத்தின் பெயருக்கு முன்னால் கடையின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. உடுப்பி ராமராவ், காரைக்குடி செட்டியார் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது எளிதாக விளங்கும்.

சுபாஷ் சந்திர போஸைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. பெயர் சம்பந்தமாக மட்டும் ஒன்றிரண்டு. 1938 பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸ். தலைவர் போஸ் ஐம்பத்தொரு காளைகள் பூட்டிய ரதத்தில் வந்தார். அது காங்கிரஸின் 51ஆவது மாநாடு. அந்தக் காளை ரதம் கடந்துபோன பந்தல்களில் தொங்கிய சுவரொட்டிகளை வரைந்தவர் இன்னொரு போஸ், நந்தலால். காந்தி கேட்டுக்கொண்டதற்காகத் தம் மாணவர்களோடு ஏறக்குறைய 400 தாள்களில் தீட்டினார். செருப்புத் தைப்பவர், மத்தளம் அடிப்பவர், தச்சர், மாவரைக்கும் பெண், காளையோடு உழவர் எனக் கோடும் மண்ணிறமுமாக.  பின்னாளில் அரசியல் சட்டத்தின் மூலப்பிரதிக்கு நந்தலாலும் சாந்திநிகேதன் மாணவர்களும் ஓவியம் வரைந்தபோது, ராணுவ உடையில் சுபாஷும் அதற்குள் வந்துவிட்டார். நேதாஜி எழுதாத சட்டத்துக்குள் ஒரு போஸின் தூரிகை இன்னொரு போஸைக் கொண்டுவந்து வைத்தது.

1939 செப்டம்பர் 3 அன்று சுபாஷ் சென்னைக் கடற்கரையில் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவே ஒருவர் மாலைப் பத்திரிகையைக் கையில் கொடுத்தார். பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்துவிட்டது என்பது செய்தி. அதற்குப் பிறகு அவர் போஸாக வெளியே நடமாடிய காலம் குறைவு. 1941 ஜனவரியில் எல்ஜின் சாலை வீட்டிலிருந்து அண்ணன் மகன் சிசிர் ஓட்டிய காரில் கிளம்பியபோது முகமது ஜியாவுதீன், காப்பீட்டு முகவர். காபூல் போகும் வழியில் பஷ்தூ மொழி தெரியாததால் ஊமைச் செவிடர், பெயரே தேவைப்படவில்லை. அங்கிருந்து மாஸ்கோ வழியாக பெர்லினுக்கு ஆர்லாண்டோ மசோட்டா என்ற இத்தாலியர். 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூர் கேத்தே அரங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ராஷ்பிகாரி சுபாஷிடம் ஒப்படைத்தார். தாகூராக ஓடிவந்த போஸிடமிருந்து மசோட்டாவாக ஓடிவந்த போஸுக்கு. இருவருக்கும் ரத்த உறவில்லை.

அந்தக் கைமாற்றத்துக்குப் பிறகு பேரணிகளில் திரண்டவர்களில் பெருந்தொகை தமிழர்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். வங்காளம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது, போஸ் என்றால் காயஸ்தர் என்று தெரியாது. அந்த மனிதர் தங்களைச் சிப்பாய் என்று கூப்பிட்டார், தங்கள் பெண்களின் கையில் துப்பாக்கி கொடுத்தார் என்பது தெரியும். அதுவரை அவர்களைக் கங்காணி கூப்பிட்ட விதம் வேறு. பெயர் தொட்டிலுக்குப் போனது இங்கிருந்துதான் என்பது என் அனுமானம். போருக்குப் பின் இராமநாதபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் திரும்பியவர்கள் பிள்ளைகளுக்கு போஸ், சந்திரபோஸ், சுபாஷ், நேதாஜி என்று வைத்தார்கள். பெண் பிறந்தால் ஜான்சிராணி. மதுரைப் பக்கம் முத்துராமலிங்கத் தேவர் பார்வர்டு பிளாக்கை வளர்த்தார், நேதாஜி உயிரோடிருக்கிறார் என்று மேடைதோறும் சொன்னார். அந்த வட்டாரத்தில் பெயர் இன்னும் ஆழமாக வேர்விட்டது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைப் பெயரிலிருந்து விடச் சொன்னது. பலர் மேடையிலேயே விட்டார்கள். பிள்ளை, முதலியார், நாடார் எனும் வால்கள் மெல்ல உதிர்ந்து வெறும் முதலெழுத்தும் பெயரும் மிஞ்சின. அதே தமிழ்நாடு, வங்காளத்துச் சாதி வால் ஒன்றை எடுத்துவந்து தலையாக வைத்துக்கொண்டது. யாருக்கும் உறுத்தவில்லை. காந்தி, நேரு, தாகூர் என்று மற்ற வால்களையும் இப்படியே முழுப்பெயராக்கினோம். விருதுநகர் நாடாளுமன்ற உறுப்பினர் பெயரே மாணிக்கம் தாகூர். சாதி கழன்ற பெயர் என்று கொண்டாடத் தோன்றுகிறது. முழுக்கக் கொண்டாடவும் முடியவில்லை. தென்மாவட்டங்களில் போஸ் என்று கேட்டதும் கேட்பவர் மனசுக்குள் ஒரு சாதிக் கணக்கு ஓடுகிறது, அந்தக் கணக்கு பல சமயம் தப்பாகவும் போகிறது. ஒரு சாதியைக் கழற்றி வந்த பெயருக்கு இங்கே வேறொன்றின் சாயம் பிடித்தது.

சென்னை பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிப் போகும் சாலைக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை என்று பெயர். நேதாஜி, சுபாஷ், சந்திர எல்லாம் முதலெழுத்தாகச் சுருங்கி, தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் முன்னால் நிற்கிற ஒரு தமிழரைப் போல அவர் அங்கே நிற்கிறார். கல்கத்தாவிலும் இதே சுருக்கத்தில் ஒரு சாலை உண்டு. ஆனால் அங்கே அது வங்காளி. இங்கே பழக்கடைக்காரரைக் கேட்டால் சைனா பஜார் என்பார்.

தமிழ் போஸ்கள் பிரபலமும் ஆகியிருக்கிறார்கள். ‘மனிதன்’, ‘ராஜா சின்ன ரோஜா’ படங்களுக்கு இசையமைத்த சந்திரபோஸ் ஒருவர். தெலுங்கில் இன்னொரு சந்திரபோஸ், ‘நாட்டு நாட்டு’ பாட்டெழுதி 2023இல் ஆஸ்கர் வாங்கியவர். திருப்பரங்குன்றத்தில் 2016 இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் ஏ.கே. போஸ். கட்சிப் பொதுச்செயலாளர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தார். சின்னம் ஒதுக்கும் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் கைரேகை. அந்தக் கைரேகையை ஏற்கமுடியாது என்று 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாததாக்கியது. போஸ் அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார்.

மற்ற போஸ்கள் சந்தடியில்லாமல் நம் அன்றாடத்தில் புகுந்திருக்கிறார்கள். அமர் போஸின் தகப்பனார் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்காவுக்குத் தப்பியவர். மகன் 1964இல் ஒலிபெருக்கி நிறுவனம் தொடங்கினார். நேதாஜி ஸ்பீக்கர் கம்பெனியும் வைத்திருந்தாரா என்று சந்தேகப்பட்ட பையன்கள் என் காலத்தில் இருந்தார்கள். ராஜ் சந்திர போஸ் புள்ளியியல்காரர். கணித மேதை ஆய்லர் 1782இல் சொன்ன ஊகம் ஒன்றை, மாணவர் ஶ்ரீகண்டே, அமெரிக்கரான பார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து 1959இல் தவறென்று காட்டினார். அடுத்த ஆண்டு இன்னொரு மாணவரான ராய் சவுத்ரியோடு சேர்ந்து, செய்தியில் நுழையும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் குறியீட்டு முறை ஒன்றைக் கொடுத்தார். டீக்கடையில் கண்ணாடி ஜாடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தின் மூலையில், அந்தக் கட்டத்தை எப்படிப் படிக்கவேண்டும் என்ற தகவல் 15 பிட்டுகளில் இருக்கிறது. ஐந்து பிட்தான் விஷயம், மீதிப் பத்தும் போஸ் முறைப்படி காவல். பால் சிந்தி இரண்டு மூன்று புள்ளி அழிந்தாலும் போன் படித்துவிடுகிறது. டீ குடித்துப் பணம் அனுப்புகிறவர் பெயர் போஸாக இருந்தால், அவருக்கும் அது தெரியாது.

2022 நவம்பரில் மேற்கு வங்க ஆளுநராகப் பொறுப்பேற்றவர் சி.வி. ஆனந்த போஸ். பெயரைப் பார்த்து வங்காளி என்று நினைத்தவர்கள் உண்டு. மலையாளி; சுதந்திரப் போராட்டக்காரரான தகப்பனார் நேதாஜி மேலிருந்த பற்றில் வைத்த பெயர். 2023 குடியரசு தினத்தன்று, சரஸ்வதி பூஜையும் சேர்ந்துவர, கல்கத்தா ராஜ்பவனில் ஒரு சிறுமியிடம் வங்காள எழுத்து அறிமுகம் செய்துகொண்டார். போஸ் என்ற பெயருள்ளவருக்கு அந்த ஊரில் அகரத்திலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

இன்னொரு திருப்பம் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. உசிலம்பட்டியிலோ பரமக்குடியிலோ உள்ள போஸின் மகன் கணினி படித்து வெளிநாடு போகிறான். பாஸ்போர்ட் படிவம் குடும்பப்பெயர் கேட்கிறது. தமிழனுக்கு அது இல்லை, அப்பா பெயரை எழுதுகிறான். கார்த்திக் என்பவன் கார்த்திக் போஸ் ஆகிவிடுகிறான். நியூஜெர்சி அலுவலகத்தில் அவனைச் சுற்றியுள்ள வங்காளிகளுக்கு மகிழ்ச்சி. துர்கா பூஜைக்கு அழைப்பு வரும், வங்காளத்தில் பேச்சுக் கொடுப்பார்கள். அவன் சிரித்து மழுப்பிவிட்டு, அப்பா பெயர் என்பான். அப்பா பெயர் போஸ் என்றால் எந்த போஸ் என்று கேட்பார்கள். வெறும் போஸ்தான் என்று சொல்லிப் புரியவைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவனுக்குப் பிறக்கும் பிள்ளையின் குடும்பப்பெயர் கட்டத்தில் கார்த்திக் என்று வரும்.